உங்களுக்குத் தெரியுமா? மேசைமேல் ஓடும் பேராக் ரயில்

★ மலாயாவின் முதல் ரயில் கோலாலம்பூரில் ஓடவில்லை, சிங்கப்பூரிலும் ஓடவில்லை. 1885 ஜூன் 1ஆம் தேதி பேராக்கில்தான் ஓடியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்ற கடலோரச் சிற்றூர் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். தைப்பிங் வட்டாரத்து ஈயத்தைக் கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்ட பாதை அது. சதுப்பில் மண் கொட்டித் தண்டவாளம் பதித்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட சிலோன் பயனியர் படையினர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். வீட்டில் மாதிரி ரயில் போட ஆசைப்படும் பேராக் வாசிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒரு முனையில் ஊர், மறு முனையில் படகுத்துறை, நடுவே சதுப்புக்காடு, அதனூடே ஒற்றைத் தடம். போதும்.

★ போர்ட் வெல்ட்டின் இன்றைய பெயர் கோல செப்பெத்தாங். ரயில் நின்று போனது, தண்டவாளமும் போனது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் அங்கே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளிலும் ஊர்ப் பெயர். மாதிரி ரயில் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகையைக் கடைசியில் ஒட்டுவார்கள். நான் சொல்வேன், அதையே முதலில் செய்யுங்கள். தமிழ் எழுத்து தாங்கிய அந்தப் பலகை மேசையில் ஏறிய நொடியே, எந்த நாட்டு ரயில் என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

★ அந்தக் குட்டிப் பாதையையே உள்ளது உள்ளபடி 150இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 86 மீட்டர் நீளம் வேண்டும்! எந்த வீட்டுக் கூடம் தாங்கும்? உலகெங்கும் ரயில் மேசை போடுகிறவர்கள் செய்வது ஒன்றுதான். நிலையத்தை வைத்துக்கொள்கிறார்கள், பாலத்தை வைத்துக்கொள்கிறார்கள், ஒரு வளைவை வைத்துக்கொள்கிறார்கள். இடையில் உள்ள வெறும் தூரத்தை விட்டுவிடுகிறார்கள். எதை விடுவது என்ற முடிவில்தான் செய்கிறவரின் திறமை தெரியும்.

★ நம் ரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் சரியாக 1 மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலுக்கும் இதே அகலம்தான். தமிழ்நாட்டில் அகலப் பாதை வருவதற்கு முன்பு எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய ரயில்களும் மீட்டர் தடத்தில்தான் ஓடின. கடல் தாண்டி வந்தவர்கள் ஊரில் ஏறிய ரயிலின் அளவிலேயே இங்கேயும் ரயிலைக் கண்டார்கள்.

★ இந்த 1 மீட்டர்தான் மாதிரி ரயில்காரர்களுக்குத் தலைவலி. கடைகளில் அதிகம் கிடைக்கும் எச்.ஓ. வகைத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், சுருக்க அளவு 87இல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அகலம். அதன்மேல் நம் ரயிலை வைத்தால் கால் அகட்டி நிற்கும்.

வழி இருக்கிறது. 87இல் ஒரு பங்குதான் வேண்டும் என்றால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறது. இங்கிலாந்தின் பீகோ நிறுவனம் செய்கிறது. ஆனால் அதற்கு இடமும் பணமும் கூடுதலாகத் தேவை. என் பரிந்துரை வேறு. எங்கும் எளிதாகக் கிடைக்கும் ‘என்’ (N) வகைத் தண்டவாளம் 9 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் 120இல் ஒரு பங்கு அளவில் ரயில் பெட்டி, கட்டடம், மனிதர்களைச் செய்யுங்கள். 9ஐ 120ஆல் பெருக்கினால் 1,080. உண்மையான 1,000க்கு மிக அருகில். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இனி இந்தப் பக்கங்களில் வரும் அளவெல்லாம் இந்த 120இல் ஒரு பங்குக் கணக்குதான்.

★ அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதர் 14 மில்லிமீட்டர் உயரம். அரிசி மணி இரண்டை நீளவாக்கில் வைத்த உயரம்!

★ தண்டவாளத்தோடு ரயில் பொம்மையை அளவுத் தரத்தில் விற்கத் தொடங்கியது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், 1891இல். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் அது. மின்சாரம் பின்னால் வந்தது.

★ ஈப்போ ரயில் நிலையத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையம், ஜாமெக் பள்ளிவாசல், கோலகங்சாரின் உபுடியா பள்ளிவாசல் எல்லாம் அவர் கைவண்ணமே. ஈப்போ நிலையக் கட்டுமானம் 1914இல் தொடங்கி 1917இல் முடிந்தது. முதல் உலகப் போரின் நடுவே எழுந்த கட்டடம்.

★ அந்த நிலையத்தின் முகப்பு நடைக்கூடம் 183 மீட்டர் நீளம். நம் கணக்கில் ஒன்றரை மீட்டர். ஹார்ட்வேர் கடையில் விற்கும் சாதாரண வீட்டுக் கதவு ஒன்று 7 அடி நீளம், 3 அடி அகலம். அதைப் படுக்கப் போட்டு மேசையாக்கினால் ஈப்போ நிலையம் முழு நீளத்துக்கும் அதில் அடங்கும். உள்ளே கூடாக இருப்பதால் கதவு கனமில்லை, சுலபத்தில் வளைவதும் இல்லை. இரண்டு பேர் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே சரியான அடித்தளம் என்பேன்.

முழு நீளத்தையும் செய்யத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. நடுக் கோபுரமும் இரு பக்கமும் சில வளைவுகளும் இருந்தாலே ஈப்போக்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஆனால் வளைவுகளின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றாதீர்கள். நீளத்தைக் குறைத்தால் கட்டடம் பொறுத்துக்கொள்ளும், விகிதம் கெட்டால் பொறுக்காது.

★ 3 அடி அகலக் கதவில் ரயில் திரும்புமா? திரும்பும். ஜப்பானின் கேட்டோ நிறுவனத் தண்டவாளங்களில் 282, 315, 348 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுகள் உண்டு. 348ஐ எடுத்துக்கொண்டாலும் வட்டத்தின் குறுக்களவு 70 சென்டிமீட்டர்தான். கதவின் அகலம் 91. மீதி இடத்தில் சாலை போடலாம், கோப்பிக்கடை வைக்கலாம்.

★ ஒரு தடம் மற்றொன்றின் மேலே பாலத்தில் ஏறிக் கடக்க வேண்டுமானால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயர வேண்டும். 100க்கு 2 என்ற ஏற்றம்தான் சிறிய எஞ்சினுக்கு நல்லது. ஆகவே அந்த 5 சென்டிமீட்டர் ஏற இரண்டரை மீட்டர் ஓட வேண்டும். இறங்கவும் அவ்வளவே. பொறுமையில்லாமல் செங்குத்தாகத் தூக்கி, பிறகு எஞ்சின் வழுக்குகிறது என்று வருந்துகிறவர்கள் ஏராளம்.

★ 1894 செப்டம்பர் 17. தெலுக் ஆன்சன் பக்கம் ஒரு காட்டு ஆண் யானை, தன் கூட்டத்தைக் காக்க, வந்துகொண்டிருந்த ரயிலை நேருக்கு நேர் முட்டித் தடம் புரளச் செய்தது. யானையும் மாண்டது. அதைப் புதைத்த இடத்தில் இந்தச் செய்தியைச் சொல்லும் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது. தெலுக் ஆன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான், பெயர் மாறியது 1982இல். அந்தப் பாதையை மேசையில் செய்கிறவர் காட்டோரத்தில் ஒரு யானையை நிறுத்தாமல் விட்டால் அது முறையாகாது.

★ அதே ஊரின் சாய்ந்த கோபுரம் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றே தளங்கள். 1885இல் கட்டியது. மேசையில் 21 சென்டிமீட்டர். உங்கள் கட்டடம் ஒன்று தவறிப்போய்ச் சாய்ந்துவிட்டாலும் குற்றமாகாத ஒரே ஊர்!

★ கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் பிற மலைகளைப் போலச் சரிந்து இறங்குவதில்லை. சமதரையிலிருந்து சட்டென்று சுவராக எழும். ரயில் மேசைக்கு இது பெரிய வரம். சரிவான மலைக்கு அடிவாரம் அகலமாக வேண்டும். ஈப்போ மலைக்கு ஒரு சாண் அகலம் போதும், உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். சாமான் பெட்டிக்குள் வரும் வெள்ளைப் போலிஸ்டைரீன் துண்டுகளை அடுக்கி ஒட்டி, கத்தியால் மேலிருந்து கீழே கீறி, மேலே பிளாஸ்டர் பூசுங்கள். பாறையின் நிறம் ஒரே சாம்பலாக இருக்கக் கூடாது. மழைநீர் வழிந்த இடம் கறுப்பு, புதிதாக உடைந்த இடம் வெள்ளையும் காவியும், இடுக்குகளில் பச்சை. ஒரு நாள் காலையில் ஈப்போவின் குனோங் சீரோ அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து பூசுங்கள். படத்தைப் பார்த்துப் பூசுவது வேறு, மலையைப் பார்த்துப் பூசுவது வேறு.

குனோங் சீரோ என்றதும் ஈப்போத் தமிழர் மனத்தில் எழுவது கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம். குன்றின் அடியில் ஒரு சிறு கோபுரம், முன்னே திடலில் தைப்பூசப் பந்தல், காவடிக்கூட்டம். 14 மில்லிமீட்டர் மனிதர்கள் நூறு பேருக்காவது மஞ்சள் பூச வேண்டியிருக்கும். குடும்பமே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

★ தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் டி.டி. 5 என்ற ஈயம் வாரும் மிதவைக் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன், நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர். சங்கிலியில் கோத்த வாளிகள் குளத்தின் அடியிலிருந்து மண்ணை அள்ளி மேலே கொண்டுவரும். 1982இல் வேலையை நிறுத்தியது. மேசையில் அது 62 சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும். கதவின் நீளத்தில் கால் பங்குக்கும் மேல்! பத்து காஜா பக்கத்தை மேசையில் கொண்டுவர விரும்புகிறவர், பின்னணிச் சுவரில் அதைப் படமாக வரைந்துவிடுவது நல்லது.

★ பழைய ஈயச் சுரங்கத்து மணலை அள்ளி வந்து மேசையில் தூவலாமா? வெள்ளை மணல் பார்க்க அழகுதான். ஆனால் ஈயம் பிரித்தபின் எஞ்சும் கறுப்பு மண்ணான அமாங்கைத் தொடாதீர்கள். அதில் இல்மனைட், சிர்கான், மோனசைட் முதலியவை கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சுள்ளது. வீட்டுக்குள், அதுவும் பிள்ளைகள் கை வைக்கும் மேசையில், அதற்கு இடமில்லை. இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும். எஞ்சினின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. அந்தத் துகள் உள்ளே போனால் மோட்டார் அரைபடும்.

எந்த மண்ணானாலும் சரி, சலித்து, வெயிலில் உலர்த்தி, காகிதத்தில் பரப்பி, அதன்மேல் காந்தத்தைச் சுற்றி எடுத்தபின்பே மேசைக்கு வர வேண்டும். தோட்டத்துச் செம்மண் இதற்கு அருமையாக அமையும்.

★ ஒரு ஹெக்டர் ரப்பர் தோட்டம் மேசையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? நான்கு பக்கமும் 83 சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய 400 மரம் நட வேண்டும். ஒவ்வொன்றும் 16 சென்டிமீட்டர் உயரம். பயப்பட வேண்டாம். பால்மரக்காடு நேர்வரிசையில் நட்ட காடு. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது முன்னே உள்ள மூன்று வரிசையும் அவற்றுக்கு இடையே உள்ளோடும் இருட்டும்தான். முன்வரிசைகளை நன்றாகச் செய்து, பின்னால் ஒரு நீளக் கண்ணாடியை நிறுத்தினால் காடு முடிவில்லாமல் போகும்.

★ மலாயாவின் ரப்பர் கதையும் பேராக்கில்தான் வேர்விட்டது. 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று வளர்ந்து இன்றும் கோலகங்சாரில் மரமாக நிற்கிறது.

★ ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலையுதிர்க்கும். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் இலை செம்பழுப்பாகி விழும், காடு மொட்டையாகும், பிறகு பளபளவென்று தளிர்க்கும். நாலு பருவம் இல்லாத நாட்டில் ரயில் மேசைக்குச் சிவப்பு இலைக் காடு கிடைக்கிறது என்றால் அது பால்மரத்தால்தான். வடிகட்டி எடுத்த தேயிலைச் சக்கையை நன்றாகக் காயவைத்து மரத்தடியில் தூவுங்கள். உதிர்ந்த சருகு அச்சாக அமையும். ஈரம் இருந்தால் பூஞ்சை பூக்கும், எச்சரிக்கை.

★ பால் வெட்டு விடியும் முன்பே ஏன் தொடங்குகிறது? அந்நேரம் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக வழியும். வெயில் ஏற ஏற வழிவது குறையும். எனவே நம் பாட்டிமார் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் நடந்தார்கள். இந்தக் காட்சியை மேசையில் கொண்டுவர முடியும். இன்று 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள மின்விளக்குச் சில்லுகள் விற்கின்றன. தலைமுடி போன்ற கம்பியோடு சேர்த்தே கிடைக்கும். அதைப் பொம்மையின் நெற்றியில் ஒட்டி, கம்பியை முதுகுவழியாக மேசைக்கு அடியில் இறக்கி, ஒரு மின்தடையோடு இணையுங்கள். மின்தடை இல்லாமல் இணைத்தால் சில்லு நொடியில் கருகிவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, காட்டுக்குள் நான்கைந்து புள்ளிகள் மட்டும் எரிய, தொலைவில் முதல் ரயிலை ஓடவிடுங்கள். எத்தனையோ நாட்டு ரயில் மேசைகளில் பனியும் கிறிஸ்துமஸ் மரமும் உண்டு. இந்தக் காட்சியைச் செய்ய நம்மைவிட்டால் ஆளில்லை.

★ தோட்டம் என்றால் மரம் மட்டுமா? மேட்டில் துரை பங்களா, கிராணி வீடு, பெரட்டுக் களம், ரப்பர் ஸ்டோர், புகை வீடு, ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, திடல், வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பான லயம். பள்ளிக்கூடத்தை மறக்கக் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆகவே 1923க்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் மேசையில் தகரக்கூரைத் தமிழ்ப்பள்ளி இல்லையென்றால் அது குறையே.

★ தோட்டத்துக்குள்ளேயே ரயில் ஓடியது தெரியுமா? ஓடியது மட்டுமில்லை, கீழ்ப் பேராக்கில் அந்த வழக்கம் நீடித்து வந்திருக்கிறது. 1906இல் டென்மார்க்காரரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தெலுக் ஆன்சன் அருகே ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின்பும் அங்கே குறுகிய தடத்து ரயில் இருந்தது. வெட்டிய குலைகளைக் கூண்டு வண்டிகளில் போட்டு, குட்டி டீசல் எஞ்சின் ஆலைக்கு இழுத்துப் போகும். கடலோரத்து மென்மையான மண்ணில் லாரிச் சக்கரம் புதையும், தண்டவாளம் பாரத்தைப் பரப்பித் தாங்கும். குலையைத் தூக்கி இறக்கும் தடவை குறைந்தால் பழம் நசுங்குவதும் குறையும்.

ரயில் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. தோட்ட ரயில் மெதுவாக ஓடும், கூர்மையாக வளையும், வண்டிகள் குட்டையானவை. இடம் மிகக் குறைவாக உள்ளவர் ஒரு புத்தக அலமாரித் தட்டிலேயே முழுத் தோட்டப் பாதையை அமைத்துவிடலாம். நம் 120இல் ஒரு பங்கு அளவுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலமுள்ள இசட் வகைத் தண்டவாளத்தைப் பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே 9 மில்லிமீட்டர் பெரிய பாதையும் ஓடினால், இரண்டு தடத்தின் வித்தியாசமே கதை சொல்லும்.

★ மாதிரித் தண்டவாளம் நிக்கல் சில்வரில் செய்தது. அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவே.

★ பழைய முறை மின்சாரத்தில் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், துருவத்தை மாற்றினால் பின்னால் போகும். உச்ச அளவு 12 வோல்ட்டு. ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே நகரும். டி.சி.சி. என்ற புதிய முறையில் தடத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் எண் கொடுத்த ஒரு சில்லு இருக்கும், தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டும் அது பணியும். தொடங்குகிறவர் பழைய முறையிலேயே தொடங்கட்டும். மின்சாரம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பது கைக்குப் பழகும்.

★ போன ரயில் வட்டமடித்து அதே தடத்துக்குத் திரும்பும்படி பாதை போட்டால் என்ன ஆகும்? இடது தண்டவாளம் வலதைத் தொடும், மின்சாரம் குறுக்கே பாயும். அந்த வளையத்தின் இரு முனையிலும் இரு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விட்டு, தனி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

★ மலேசியாவில் ரயில் மேசைக்கு முதல் எதிரி ஈரக்காற்று. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, தீபகற்பத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று அது. பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயில் மாதத்தில் சுருங்கும், தண்டவாளம் நெளியும். மேல் பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் பலகை ஒரு பக்கமாக வளையும். இரண்டு பக்கமும், விளிம்பும், துளை போட்ட இடமும் பூசுங்கள். தண்டவாள இணைப்புகளில் நூலளவு இடைவெளி விடுங்கள். கரையானுக்கு எட்டாதபடி கால்களைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தண்டவாளத்தின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் பாதிக் கோளாறு தீரும். எறும்பு தடம் மாற்றும் கருவிக்குள் கூடு கட்டும், அதையும் பாருங்கள்.

★ ஈப்போ வழியே ஓடும் இ.டி.எஸ். ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். மேசையில் அது நொடிக்கு 32 சென்டிமீட்டர், ஓரடி. பலர் இதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓட்டுகிறார்கள். தோட்ட ரயில் நொடிக்கு 3 சென்டிமீட்டர் நகர்ந்தாலே தாராளம்.

★ அந்த இ.டி.எஸ். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது 2010 ஆகஸ்டில். பின்னர் பாதை வடக்கே பாடாங் பெசார் வரை மின்மயமானபோது, கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவே புக்கிட் பெராப்பிட்டில் 3.3 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கப்பாதை குடைந்தார்கள். மேசையில் அதுவே 27 மீட்டர் ஆகும், ஆகவே ரயில் மலைக்குள் போய் மறைந்து சற்று நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். மறைந்திருக்கும் தடத்துக்குக் கை போகும் வழி வையுங்கள். ரயில் கவிழ்வது எப்போதும் குகைக்குள்தான்.

★ கோலகங்சார் அருகே கராயில் பேராக் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா பாலம் 1900இல் முடிந்தது. செங்கல் தூண்கள், இரும்புச் சட்டம், ஒற்றைத் தடம். பக்கத்தில் புதிய பாலம் வந்தபின் இந்தப் பழைய பாலத்தில் ரயில் ஓடுவதில்லை, மக்கள் நடந்து கடக்கிறார்கள். நேரில் போய் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்த்து அளக்கக்கூடிய பழைய ரயில் பாலம் வேறு எங்கே கிடைக்கும்?

★ ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வராமல் காத்தது டோக்கன். நிலைய மாஸ்டர் தரும் டோக்கன் கையில் இருந்தால்தான் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்குப் போகலாம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை இந்த வழக்கம் இருந்தது. வீட்டு மேசையிலும் செய்து பாருங்கள். ஒரு சாவியை டோக்கனாக வையுங்கள். அண்ணன் சாவியோடு ஈப்போவிலிருந்து புறப்படட்டும், தங்கை பத்து காஜாவில் அதை வாங்கிக்கொண்டபின் தன் ரயிலை எடுக்கட்டும். மலாயா ரயில்வேயில் நிலைய மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் எத்தனையோ பேர். அவர்கள் பார்த்த வேலை என்னவென்று பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே விளங்கும்.

★ ஜப்பானிய மாதிரி ரயில் கடைகளில் சி56 என்ற சிறிய நீராவி எஞ்சின் விற்பனைக்கு உண்டு. பார்க்க மிக அழகாக இருக்கும். வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சி56 எஞ்சின்கள் 90ஐத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் 1,067 மில்லிமீட்டர் தடத்துக்குச் செய்த அவற்றை நம் 1,000 மில்லிமீட்டருக்கு மாற்றியது. அவைதான் சயாம் மரண ரயில் பாதையில் ஓடின. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், முடிந்தது 1943 அக்டோபரில். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் அடியிலும் ஆயிரம் ஆயிரமாக அங்கே மாண்டார்கள். மலாக்கா-தம்பின் பாதையின் தண்டவாளம் பெயர்க்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். பாதையின் திறப்புக்கு ஓடிய எஞ்சின்களில் ஒன்றான சி5631 இப்போது டோக்கியோவின் யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அந்த எஞ்சினை மேசையில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைக்கிறவர் அதன் பக்கத்தில் ஒரு சிறு பலகையில் இந்தச் செய்தியையும் எழுதி வைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் எந்தப் பிள்ளை கேட்டாலும் நின்று சொல்ல வேண்டும்.

★ 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டபின் அவசரகாலம் வந்தது. ரயிலுக்கும் தண்டவாளத்துக்கும் காவலாக, கவசத் தகடு போர்த்திய விக்ஹாம் டிராலிகள் ஓடின. நான்கே சக்கரம், ஒரு சிறு துப்பாக்கிக் கோபுரம். ஐம்பதுகளின் பேராக்கைச் செய்கிறவர்கள் அட்டையிலேயே இதை வெட்டி ஒட்டிவிடலாம்.

★ 1957. நாடு விடுதலை பெற்ற ஆண்டு. நம் ரயில்வேக்கு முதல் பெரிய டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் அதே ஆண்டில். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த 26 எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மலரின் பெயர்.

★ ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட்தான் உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் காட்சி. பாடகர் ராட் ஸ்டூவர்ட் வீட்டிலேயே ஓர் அமெரிக்க நகரத்தை 23 ஆண்டுகள் செய்து 2019இல் உலகுக்குக் காட்டினார். இந்தியாவில் புனேயில் ஜோஷி குடும்பத்தின் குறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

★ இன்று மலேசிய ரயில்களைப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்று பேராக்கிலேயே இருக்கிறது. எங்கே? பத்து காஜாவில். சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. நிறுவனம் 2015இல் திறந்தது.

★ கடைசியாக, பொம்மைக் கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத ஒன்று: லயம். ஐரோப்பியப் பண்ணைவீடு பெட்டியில் வரும், ஜப்பானியக் கிராமம் பெட்டியில் வரும், தோட்டத்து லயம் வராது. நீங்களேதான் செய்ய வேண்டும், செய்ய அளவு வேண்டும். தோட்டங்கள் வீட்டுமனையாகவும் செம்பனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. கட்டட வரைபடம் உங்கள் கைக்கு வரும் என்று காத்திராதீர்கள். நேராகப் போய் அளப்பதுதான் வழி.

ஒரு மீட்டர் கழியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். கழியைச் சுவரில் சாய்த்து, சுவருக்கு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். கழி படத்தில் இருந்தால் போதும், மற்ற அளவெல்லாம் அதிலிருந்து கிடைக்கும். ஒரு வீட்டுக் கதவிலிருந்து அடுத்த வீட்டுக் கதவு வரை எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள், லயத்தின் நீளம் முழுவதும் அதன் மடங்குதான். அஞ்சடி என்ற முன்தாழ்வாரத்தின் அகலம், படிகளின் உயரம், பலகைச் சுவரில் ஒரு பலகையின் அகலம், கூரைத் தகரத்தின் மடிப்பு எண்ணிக்கை, தண்ணீர்க்குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, சாமிமாடம் எந்தப் பக்கம், இவை முக்கியம். கூரைக்கு ஈயத்தாளைப் பென்சிலால் கோடு கீறி மடிக்கலாம், பலகைச் சுவருக்குப் பழைய நாள்காட்டி அட்டையே போதும். இடிந்துபோன லயமென்றால், அங்கே பிறந்து வளர்ந்த அத்தையிடமோ பெரியப்பாவிடமோ ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வாசலில் என்ன மரம், கதவுக்கு என்ன நிறம், ஆடு எங்கே கட்டியிருந்தது என்று கேளுங்கள். ரயில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தை மேசையின் எந்த ஓரத்தில் போடுவது என்பது அதைப் பொறுத்தது.